புள்ளி மெஷினுக்குப் புதுக் கம்ப்யூட்டர்

9 ஜனவரி 1995, திங்கள்

காலை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, "எங்கம்மா வேலை?" என்று கேட்டார். நூம்பலில் ஒரு பிரெய்ல் அச்சகம் என்றேன். புரியவில்லை. நான் கம்ப்யூட்டரில் தமிழில் அடிப்பேன், ஒரு ப்ரோகிராம் அதைப் புள்ளிகளாக மாற்றும், மெஷின் அந்தப் புள்ளிகளைத் தடித்த தாளில் குத்தித் தள்ளும், கண் தெரியாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள் என்று சொன்னேன். "நல்ல வேலைம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவடி வரை கையை விடவில்லை.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் மூன்றாவது தடவைதான் எழுந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கல் அரைக்கிற மாதிரி சத்தம். பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு மூன்றாம் தொகுதி பாதி முடிந்தது. இன்னும் இரண்டரைத் தொகுதி இருக்கிறது.

டிரஸ்ட் செயலாளர் இராமகிருஷ்ணன் சார் மத்தியானம் வந்தார். "பொங்கல் முடிஞ்சதும் புது கம்ப்யூட்டர் வருதும்மா. ப்ரோகிராம் டிஸ்க் மூணையும் எடுத்து ரெடியா வெச்சுடுங்க."

சரி சார் என்றேன். எப்படிச் சொன்னேன்?

10 ஜனவரி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அந்த மூன்று ஃப்ளாப்பியும் கெட்டுப்போய்விட்டன. என்னால்தான்.

செப்டம்பரில் அச்சக அலமாரியில் கரையான் வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்க் பெட்டியை நானே திருநின்றவூருக்கு எடுத்து வந்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து, வீட்டுக்குள் முழங்கால் வரை நின்றது. நானும் என் வீட்டுக்காரரும் அரிசி மூட்டையையும் டிவியையும் கட்டிலின் மேல் ஏற்றினோம். பெட்டி ஞாபகமே இல்லை. நான்காம் நாள் பீரோவைத் திறந்தபோது பெட்டியைச் சாய்த்தால் தண்ணீர் ஊற்றியது.

காயவைத்தேன். ஒரு வாரம் கழித்து, டிஸ்க்கின் வாயை மூடியிருக்கும் தகட்டை நகர்த்திப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பஞ்சால் துடைத்தேன். அச்சகத்தில் தனியாக இருந்தபோது போட்டுப் பார்த்தேன். முதல் டிஸ்க் படித்தது. இரண்டாவது படிக்கவில்லை. மூன்றாவது கிறீச்ச்... என்றது, உடனே வெளியே எடுத்துவிட்டேன்.

துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

12 ஜனவரி

ப்ரோகிராம் எழுதிய இன்ஜினியர் பெயர் உத்தமன். அண்ணாநகரில் அவர் வீட்டு மாடியில்தான் ஆபீஸ். அவரிடம் இன்னொரு செட் கேட்டு வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன்.

அவர் அம்மா எடுத்தார். "அவன் டிசம்பர்லயே கனடா போயிட்டானேம்மா. ஆபீஸை மூடிட்டோம். டிஸ்க்கெல்லாமா? அட்டைப் பெட்டியில கட்டினது எல்லாத்தையும் கொண்டுபோயிட்டான். அட்ரஸ் தரேன், எழுதிக்கோ."

டிசம்பர். நவம்பரில் கேட்டிருந்தால் கையோடு கிடைத்திருக்கும்.

14 ஜனவரி

பொங்கல். பால் பொங்கியது. அவர் வீட்டார் எல்லாம் விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தேன்.

15 ஜனவரி

கனடாவுக்குக் கடிதம் போட்டேன். போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். அதற்குள் தேர்வு வந்துவிடும்.

கண் தெரியாத பெண்கள் விடுதியில் பத்தொன்பது பேர் இந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு. பிப்ரவரி இருபதுக்குள் கடைசித் தொகுதி கையில் இருக்க வேண்டும் என்று சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் அதுவரை தாங்காது.

19 ஜனவரி, வியாழன்

புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கடை வைத்திருக்கும் தேவராஜ் பைக்கில் பின்னால் ஒரு பையனை உட்காரவைத்து, அவன் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பழையதையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"டிஸ்க் குடுங்க மேடம், அரை அவர்ல போட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

"தேடணும்" என்றேன்.

பக்கத்து மேஜையில், எங்கள் அச்சகத்தில் பிழை பார்க்கும் ஜமீலா புள்ளித்தாளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண் தெரியாது. விரல் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

20 ஜனவரி

தேவராஜ் மறுபடியும் வந்தார். டிஸ்க் கிடைக்கவில்லை என்றேன். பொய் சொல்லச் சொல்லப் பழகிவிடுகிறது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். இதுல இருக்கறத அப்படியே தூக்கி அதுல போடலாம். ஆனா சொல்லிட்டேன், இன்ஸ்டால் பண்ணாம காப்பி அட்ச்சா முக்காவாசி ஓடாது."

இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு கேபிள் போட்டார். பழையதில் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதியில், அதாவது D-யில், ப்ரோகிராமை வைத்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டர் முழுக்க ஒவ்வொரு கோப்பாகப் புதியதுக்குப் போனது. பெயர்கள் திரையில் மேலே ஓட ஓட நான் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன்.

முடிந்தது. ப்ரோகிராமின் பெயரை அடித்தேன். அதன் நீலத் திரை வந்தது! பிறகு ஒரே வரி. D-யில் கோப்பு இல்லை என்று. நின்றுவிட்டது.

புதியதில் D-யே இல்லை. ஒரே C தான்.

"அது பொறந்த ஊட்டத் தேடுது மேடம்" என்றார் தேவராஜ். "ஹார்ட் டிஸ்க்கப் பிரிச்சா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து வரணும். நாளைக்குப் பாக்கலாம்."

21 ஜனவரி

பழையது பதினொன்றரைக்குத்தான் எழுந்தது. ஆறு பக்கம்.

22 ஜனவரி, ஞாயிறு

புது கம்ப்யூட்டரோடு வந்த டாஸ் கட்டளைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலையணை மாதிரி இருக்கிறது. சாம்பார் கொதிக்கும்போது, அரிசி களையும்போது, ஒவ்வொரு கட்டளையாகப் படித்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார். "பரீட்சையா?" என்றார். ஆமாம் என்றேன்.

நானூறுக்கு மேலே ஒரு பக்கத்தில் கிடைத்தது. C-யில் இருக்கும் ஒரு ஃபோல்டரை D என்று நம்பவைக்க ஒரு கட்டளை இருக்கிறதாம். ஒரே வரி! ஹார்ட் டிஸ்கைப் பிரிக்கவே வேண்டாம்.

இது நிஜமாக வேலை செய்யுமா?

23 ஜனவரி

செய்தது. D-யில் தேடியது, கிடைத்தது, நீலத் திரையைத் தாண்டி உள்ளே போனது. நான் கைதட்டிவிட்டேன். பிறகு "உரிமக் கோப்பு இல்லை" என்று அடுத்த சண்டை. கோப்புகளை எண்ணிப் பார்த்தேன். அங்கே நாற்பத்தொன்று, இங்கேயும் நாற்பத்தொன்று. எந்தக் கோப்பு இல்லை?

மேஜை மேலே தலையை வைத்துவிட்டேன். ஜமீலா வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த டிஸ்க்குப் பொட்டி காணாமப் போவல. அலமாரிலதான கீது?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஈரத்துணிய மூட்டை கட்டி வெச்சா வருமே, அந்த நாத்தம். பொட்டி மாத்திட்டீங்க, நாத்தம் மாறலக்கா. தீவாளி முடிஞ்சதுலேர்ந்து அடிக்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏரித் தண்ணீர், பஞ்சு, கனடா, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே என் முதுகில் கையை வைத்திருந்தாள்.

"சார்கிட்ட சொல்லிடுங்க. இன்னிக்கே. நான் கூட வரவா?"

"வேணாம். நானே போறேன்."

போனேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் ஆவடி ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர், சத்தம் போடமாட்டார். போட்டிருந்தால் தேவலை.

"தண்ணி வந்தது உங்க தப்பில்லம்மா. நவம்பர்லயே சொல்லியிருந்தா உத்தமன் ஊர்லதான் இருந்தான். சொல்லாததுதான் தப்பு."

"ஆமா சார்."

"இப்ப என்ன வழி இருக்கு?"

கோப்புகளை அப்படியே மாற்றப் பார்க்கிறோம், பாதி வந்துவிட்டது என்றேன்.

"அது திருட்டு ஆகாதே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. உரிமக் கடிதத்தை எடுத்துப் படித்தார். ஒரு சமயத்தில் ஒரு இயந்திரத்தில் மட்டும் என்று இருக்கிறது. "அப்ப புதுசு ஓடினதும் பழசுல அழிச்சிடணும். ஓடற வரைக்கும் பாருங்க. வேலையை விட்டு நிக்கறதா பேச்சு எடுக்காதீங்க, முகத்துலயே எழுதியிருக்கு."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போனது.

இன்னும் ஒன்றும் சரியாகவில்லை. ஆனாலும்.

24 ஜனவரி

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடமும் சொன்னேன். "இதுக்கா ரெண்டு மாசமா சரியா சாப்பிடல? உனக்கு உடம்புக்கு ஏதோன்னு நெனச்சு பயந்து கெடந்தேன்" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

25 ஜனவரி

தேவராஜிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "இத மொதல்லியே சொல்லக் கூடாதா மேடம்? நான் உங்கள டிஸ்க்கத் தொலைச்ச கேசுன்னு கடைல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்."

பழையதின் முன்னால் உட்கார்ந்து ஏதோ அடித்தார். பட்டியல் மறுபடி ஓடியது. நாற்பத்திரண்டு!

"ஒண்ணு ஒளிஞ்சிகினு கீது பாருங்க. சும்மா பட்டியல் கேட்டா காட்டாது, காப்பி அட்ச்சாலும் வராது. அவுரு வேணும்னே மறைச்சு வெச்சிகிறாரு."

மறைவை நீக்கி, கேபிளில் அனுப்பி, அங்கே திரும்பவும் மறைத்தார். ப்ரோகிராம் முழுசாகத் திறந்தது. "அம்மா வந்தாள்" என்று அடித்தேன். திரையில் புள்ளியாக மாறியது! எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், சரி. தேவராஜுக்கு இரண்டு காபி.

புள்ளி மெஷினின் கேபிளைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் மாட்டினோம். அச்சிடச் சொன்னேன். டரடரவென்று ஒரு தாள் வந்தது. ஜமீலா தடவிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது எந்த பாஷையும் இல்லக்கா. சேமியா கொட்டின மாதிரி கீது."

26 ஜனவரி

விடுமுறை. பழையதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அணைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதோ?

27 ஜனவரி, வெள்ளி

அணைத்துவிட்டு வந்திருக்கக் கூடாது.

காலையிலிருந்து பழையது எழவில்லை. சத்தம்கூட இல்லை. புதியதில் குப்பைதான் அச்சாகிறது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை. தேவராஜ் மெஷினின் கேபிளை மாற்றினார், சுவிட்சுகளை மாற்றினார், மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினார். சேமியா சேமியாவாகவே வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

புதியதை ஒரு தடவை நிறுத்தி மறுபடி போட்டேன். ஜமீலா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன்.

"இது தட்டலியே."

"எது?"

"புள்ளி மெஷினு. டெய்லி காலைல நீங்க பழசப் போட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு இது டொக்குனு ஒரு தட்டு தட்டும். அதக் கேட்டுதான் நான் தாள் எடுக்க ஏந்திருப்பேன். ஆறு வருசமா. புதுசப் போட்டா இது கம்முனு கீது."

நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. அந்த நேரத்தில் நான் பையிலிருந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

தேவராஜ் வந்ததும் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் எழுந்ததும் தானாகச் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்திருப்பார்களாம். அது D-யில் இருக்காது, C-யின் வாசலில் இருக்கும். ப்ரோகிராமை இன்ஸ்டால் செய்தபோது அது அந்தக் கோப்பிலும் தன் வரிகளை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அதில் ஏதோ ஒன்றுதான் மெஷினை எழுப்புகிறது. நாங்கள் D-யை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம்.

"கொண்டாங்க, அந்தக் கோப்பப் பாத்துடலாம்" என்றவர் பழையதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செத்துக் கிடந்தது.

ஐந்து மணி வரை முயன்றோம். எழவில்லை.

28 ஜனவரி, சனி

முதல் தடவை, இல்லை. இரண்டாம் தடவை, இல்லை. தேவராஜ் மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கைக் கையில் பிடித்து விலாவில் திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினார். சின்னக் குழந்தையை எழுப்புகிற மாதிரி. சார் வாசலில் நின்றார். மூன்று, இல்லை. நாலு.

உள்ளே ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கல் அரைக்கிற சத்தம்! அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தது?

"வேற எதையும் தொடாதீங்க மேடம், டிஸ்க் குடுங்க, டிஸ்க்" என்று தேவராஜ் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அவசரத்தில் காலி ஃப்ளாப்பி டப்பாவை முழுக்கக் கீழே கொட்டிவிட்டேன். ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். C-யின் வாசலில் இருந்த எல்லாக் கோப்பையும் அதில் எடுத்தார். மறைந்தது, மறையாதது எல்லாம். பிறகு இன்னொரு டிஸ்கில் இன்னொரு தடவை.

தொடக்கக் கோப்பில் எங்களுக்கு வேண்டியது மூன்றே வரி. ப்ரோகிராம் இருக்கும் இடத்தைச் சொல்வது ஒன்று. மெஷினோடு எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று சொல்வது ஒன்று. மூன்றாவது, ஒரு குட்டிக் கோப்பை மெஷினுக்கு அனுப்புவது. அந்தக் குட்டிக் கோப்பும் அங்கேயேதான் கிடந்தது. பதினாலு எழுத்து அளவுகூட இல்லை.

அவற்றோடு என் பங்குக்கு D கட்டளையையும் சேர்த்து, புதியதின் தொடக்கக் கோப்பில் நானே அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். நிறுத்தினேன். போட்டேன்.

டொக்.

"ஆங்!" என்றாள் ஜமீலா. "அது!"

வரலாறு மூன்றாம் தொகுதியின் ஒரு பக்கத்தை அடித்து அச்சிட்டோம். ஜமீலா தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் படித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி. நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாலாவது வரில ஒரு 'ற' தப்புக்கா" என்றாள். "அது கம்ப்யூட்டர் தப்பில்ல, நீங்க அட்ச்சது."

சார் சிரித்தே நான் பார்த்ததில்லை. பற்கள் எல்லாம் தெரிந்தன.

30 ஜனவரி

ப்ரோகிராம், மறைந்த கோப்பு, குட்டிக் கோப்பு, தொடக்க வரிகள் எல்லாவற்றையும் ஃப்ளாப்பிகளில் இரண்டு செட் எடுத்தோம். ஒன்று சாரின் பீரோவில். இன்னொன்று பூந்தமல்லியில் ஜமீலா வீட்டு மாடியில். "எங்க ஊட்டு மாடிக்குத் தண்ணி வந்தா மெட்ராஸே இருக்காது" என்றாள்.

செய்முறையை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஜமீலா கேட்டதால் பிரெய்லிலும் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன்.

1 பிப்ரவரி

சார் ஞாபகப்படுத்தினார். "பழசுல அழிச்சாச்சா?" பத்து நாள் தவணை கேட்டேன். புதியது கழுத்தறுத்துவிட்டால்? ஒன்பது நாள் தருகிறேன் என்றார். இன்ஸ்பெக்ஷன்காரர்.

6 பிப்ரவரி

நாளுக்கு நாற்பது பக்கம் போகிறது. மூன்றாம் தொகுதி முடிந்து பைண்டிங்குக்குப் போய்விட்டது.

10 பிப்ரவரி

தவணை முடிந்தது. அழிப்பதற்காகப் பழையதைப் போட்டேன். எழவில்லை. தேவராஜ் தட்டிப் பார்த்தார், சூடாக்கிப் பார்த்தார், கடைசியில் கையை விரித்துவிட்டார். "அதுவே அழிச்சிகிச்சு மேடம்."

சாரிடம் சொன்னேன். உரிமக் கடிதத்தின் ஓரத்தில் தேதி போட்டு, "பழைய இயந்திரம் நின்றுவிட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பதின்மூன்று நாள் முன்னால் நின்றிருந்தால்? வேண்டாம், நினைக்க வேண்டாம்.

18 பிப்ரவரி

ஐந்தாம் தொகுதியின் கடைசித் தாள் மத்தியானம் மூன்றேகாலுக்கு வெளியே வந்தது. ஜமீலா அதிலும் இரண்டு பிழை பிடித்தாள்.

20 பிப்ரவரி, திங்கள்

விடுதியில் கொடுத்துவிட்டோம். பத்தொன்பது செட். வேனிலிருந்து இறக்கும்போதே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி நின்ற இடத்திலேயே கட்டைப் பிரித்து, மேல் புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். வார்டன் உள்ளே போய்ப் படி என்று விரட்டினார்.

24 பிப்ரவரி, வெள்ளி

கனடாவிலிருந்து உத்தமன் பதில் போட்டிருக்கிறார். புது கம்ப்யூட்டருக்குத் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், இன்ஸ்டால் டிஸ்க் இல்லாமல் மாற்ற முடிந்தால் எப்படி என்று எழுதுங்கள், நானே இதுவரை முயன்றதில்லை என்று. ஜமீலாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "என் பேரப் போட்டு எழுதுங்கக்கா" என்றாள். முதல் வரியிலேயே போட்டு எழுதினேன்.

சாயங்காலம் ஆவடியில் ரயில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பட்டாபிராம் வந்தது தெரியும். அதற்கப்புறம் தெரியாது. யாரோ தோளைத் தட்டி, "எழுந்திருங்கம்மா, திருவள்ளூர், கடைசி ஸ்டேஷன்" என்றார்கள். எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் அடுத்த வண்டியில் திரும்பி வந்தேன். அவர் திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன ஆச்சு? ரெண்டு வண்டி பாத்துட்டேன்."

"தூங்கிட்டேன்" என்றேன்.

கேரியரில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது.